ஒரு பிள்ளையும் வெளியில் நிற்காத பாடசாலை: வன்னிப் பாடசாலைகளுக்கான முழுமையான வழிகாட்டி

உட்படுத்தல் கல்வி, அதாவது ஒரு பிள்ளையையும் ஒதுக்காமல் எல்லாரையும் சேர்த்துப் படிப்பிப்பது, என்று தொடங்கும் பாடசாலைகள் பெரும்பாலும் முதல் வேலையாகச் சாய்தளம் கட்டுகின்றன. நன்கொடையாளரின் பெயர்ப்பலகையோடு அது பளபளவென்று நிற்கும். அதில் ஏறவேண்டிய பிள்ளை மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் வீட்டு விறாந்தையில் இருக்கும். சாய்தளம் தேவைதான். ஆனால் அது ஐந்தாவது வேலை. வேலைகளின் வரிசை பிழைத்தால் காசும் போகும், ஆசிரியர்களின் நம்பிக்கையும் போகும்.

இந்த வழிகாட்டி 150 முதல் 400 வரை பிள்ளைகள் படிக்கும் ஒரு கலவன் பாடசாலையை மனதில் வைத்து எழுதப்பட்டது. முதல் நான்கு படிகளுக்கு ஒரு தவணை போதும். மிச்சத்துக்கு இரண்டு தவணை கொடுங்கள்.

1. தொடங்க முன் கையில் இருக்கவேண்டியவை

ஆட்கள்: ஐந்து பேர் போதும். அதிபர் அல்லது பிரதி அதிபர், ஆரம்பப் பிரிவிலிருந்து ஒருவர், ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியர், பெற்றோரில் ஒரு தாய், ஊரிலேயே குடியிருக்கும் ஒரு ஆசிரியர் அல்லது ஊழியர். கடைசி ஆளை விட்டுவிடாதீர்கள். வன்னியில் கனபேர் யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ பஸ்ஸில் வந்து போகிறவர்கள். ஒன்றரைக்கு மணி அடித்தால் பஸ்ஸைப் பிடிக்க ஓடவேண்டும். பின்னேரம் நான்கு மணிக்கு ஒரு வீட்டுப் படலையைத் தட்ட ஊரில் ஆள் இருக்கவேண்டும்.

இதற்காகப் புதுக்குழு அமைக்கவேண்டாம். பாடசாலையில் ஏற்கெனவே உள்ள சிறுவர் பாதுகாப்புக் குழுவை உயிர்ப்பித்தால் போதும். புதுக்குழு என்றால் இன்னொரு கோவை, இன்னொரு கூட்டம்; இரண்டாம் தவணையில் அது தூங்கிவிடும்.

பொருள்: ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த மட்டை போட்ட பெரிய கொப்பி), அதைப் பூட்டிவைக்க ஒரு லாச்சி, இரண்டு சாவி.

நேரம்: கிழமைக்கு ஒரு 40 நிமிடப் பாடவேளை. நேரசூசியிலேயே அடைத்துவிடுங்கள். பாடசாலை விட்ட பிறகு கூடுவோம் என்ற திட்டம் மேற்சொன்ன பஸ்ஸோடு போய்விடும்.

தொலைபேசி இலக்கத் தாள் ஒன்றும் வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் சமூக சேவை உத்தியோகத்தரும், நன்னடத்தை உத்தியோகத்தர், வலயக் கல்வி அலுவலகத்தின் விசேட கல்விப் பொறுப்பாளர், மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவு ஆகிய இலக்கங்களை எழுதுங்கள். கீழே 1929 (சிறுவர் பாதுகாப்பு), 1926 (உளநல உதவி), 1990 (அம்புலன்ஸ்) மூன்றையும் பெரிதாக எழுதுங்கள். ஒட்டமுன் ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒருதரம் அழைத்துப் பாருங்கள். மாற்றலாகிப் போனவரின் இலக்கம் சுவரில் இருந்து பயனில்லை.

2. வராத பிள்ளைகளைக் கண்டுபிடியுங்கள்

மூன்று பட்டியல் தேவை. ஒன்று, போன வருடம் இடாப்பில் இருந்து இந்த வருடம் இல்லாத பிள்ளைகள். இரண்டு, மாதத்தில் ஐந்து நாளுக்கு மேல் வராதவர்கள். மூன்று, பாடசாலைப் பக்கமே வராதவர்கள்.

முதலிரண்டும் இடாப்பிலேயே இருக்கின்றன. ஒரு பின்னேரம் போதும். மூன்றாவதுக்கு ஊருக்குள் போகவேண்டும். கிராம அலுவலர், குடும்பநல உத்தியோகத்தர், முன்பள்ளி ஆசிரியை ஆகிய மூவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். முன்பள்ளி ஆசிரியைக்குத்தான் அதிகம் தெரியும். "அந்தப் பிள்ளை ஒருமாதம் வந்தது, பிறகு தாய் கூட்டிவரேல்லை" என்று அவர் சொல்வதை வேறு எவரும் சொல்லமாட்டார்கள். 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது 2016 முதல் நடைமுறை. இருந்தாலும் சட்டத்தைக் காட்டி வீட்டுக்குப் போகாதீர்கள். அடுத்தமுறை படலை திறக்காது.

"உங்கள் வீட்டில் ஊனமுள்ள பிள்ளை இருக்கா?" என்று கேட்டால் பதில் "இல்லை"தான். பிள்ளை என்ன செய்யக் கஷ்டப்படுகிறது என்று கேளுங்கள். கேள்விகள் ஆறு: பார்க்க, கேட்க, நடக்க, நினைவில் வைக்க, தன் வேலையைத் தானே செய்ய, மற்றவருக்கு விளங்கக் கதைக்க. ஒவ்வொன்றுக்கும் நான்கு பதிலில் ஒன்றைக் குறியுங்கள்: கஷ்டமில்லை, கொஞ்சம், கனக்க, முடியவே முடியாது. கண்ணாடி போட்டும் தெரியவில்லையா, கருவி வைத்தும் கேட்கவில்லையா என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். வைத்தியரின் வேலையை நீங்கள் செய்யவேண்டாம். எந்தப் பிள்ளையை முதலில் அனுப்புவது என்று தெரிந்தால் போதும்.

போகும் நேரமும் முக்கியம். காலபோக அறுவடைக் காலத்திலும் கச்சான் பிடுங்கும் நாட்களிலும் வீட்டில் ஆள் இராது. மீன்பிடிக் கிராமமென்றால் வலை இழுத்து முடிந்தபிறகு போங்கள். இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். முதல் தடவை படிவம் எதுவும் கொண்டுபோகாதீர்கள். படிவத்தைக் கண்டால் "என்ன தரப்போறியள்?" என்ற கேள்வி வரும், அதற்குப் பிறகு உண்மையான கதை வராது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் நேரே காரணத்தை ஒரே வசனத்தில், வீட்டுக்காரர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். 'வறுமை' என்று எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்யமுடியாது. 'சப்பாத்து இல்லாததால் கேற்றில் மறிக்கிறார்கள்' என்று எழுதினால் நாளைக்கே தீர்க்கலாம்.

இன்னொன்றைக் கவனியுங்கள். இன்று வகுப்பில் இருப்பவர்களில் அநேகர் போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். போரின் காயம் பிள்ளையின் உடம்பில் இல்லாமல் தாய் தகப்பனின் உடம்பில் இருக்கலாம். இடுப்புக்குக் கீழ் இயங்காத தகப்பனைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு வருகிற பிள்ளைதான் தினமும் எட்டேகாலுக்கு வருவதாக இருக்கலாம். அந்தப் பிள்ளை 'பிந்தி வருபவர்' பட்டியலில் நிற்கும், உங்கள் பட்டியலில் நிற்காது. பிந்தி வருவோர் கொப்பியையும் எடுத்துப் பாருங்கள்.

3. படிவங்களையும் வாய்ச்சொற்களையும் சரிசெய்யுங்கள்

செலவில்லாத படி. ஒரு கிழமைக்குள் முடிக்கலாம், முடித்தால் பலன் உடனே தெரியும்.

வகுப்பில் எழுப்பிவிட்டு "அப்பா என்ன வேலை?" என்று கேட்டு இடாப்பை நிரப்பும் பழக்கத்தை நிறுத்துங்கள். தகப்பன் காணாமல் ஆக்கப்பட்ட வீட்டில் 'இறந்தவர்' என்று எழுதத் தாய் சம்மதிக்கமாட்டார். 'இருக்கிறார்' என்று எழுதவும் முடியாது. அந்த முடிச்சைப் பத்து வயதுப் பிள்ளை முப்பது பேருக்கு முன்னால் அவிழ்க்கவேண்டியதில்லை. உங்கள் பாடசாலையே அச்சடிக்கும் படிவங்களில் 'பாதுகாவலர்' என்று ஒரே நிரல் வையுங்கள். வலயத்துக்கு அனுப்பும் விபரத்தைத் தாயிடமோ அம்மம்மாவிடமோ தனியாகக் கேட்டு நிரப்புங்கள்.

வசதிக் கட்டணமோ தவணை விழாக் காசோ கட்டாதவர்களின் பெயரைக் காலைப் பிரார்த்தனையில் வாசிக்கக்கூடாது. நுண்கடன் அறவிட வருபவருக்கு ஒளித்திருக்கும் வீட்டுப் பிள்ளை அடுத்தநாள் வராது. ஒரு நாள் வராதது ஒரு கிழமையாகும்.

'நொண்டி', 'செவிடு', 'மக்கு' போன்ற சொற்களும், பிள்ளையை ஊர்ப்பெயராலோ குடியிருப்பின் பெயராலோ கூப்பிடுவதும் முதலில் ஆசிரியர் வாயிலிருந்து போகவேண்டும். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் கதைக்கும் தமிழைப் பார்த்து யாராவது சிரித்தால், அதை ஆசிரியர் அந்த இடத்திலேயே நிறுத்தவேண்டும். ஆசிரியரும் சேர்ந்து புன்னகைத்தால் முழு வகுப்புக்கும் அனுமதி கொடுத்த மாதிரி.

4. ஆசிரியர்களுக்கு முதலில் இடம் கொடுங்கள்

நாலரைக்கு எழும்பி, இரண்டு பஸ் மாறி வந்து, ஏழு பாடவேளை நின்று படிப்பிக்கிறவரிடம் "பிள்ளையின் மனதைப் பாருங்கள்" என்று சுற்றறிக்கை நீட்டினால் கையெழுத்து மட்டும் கிடைக்கும். அவர்களிலும் இழப்போடு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மூன்று சிறு மாற்றம் போதும். ஆளுக்கு ஒரு நாளாவது அடுத்தடுத்து மூன்று பாடவேளைக்கு மேல் வராதபடி நேரசூசியைப் போடுங்கள். ஆசிரியர் அறையில் சுத்தமான குடிதண்ணீரும் ஒரு மின்விசிறியும் இருக்கட்டும். ஓகஸ்ட் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழ் யாருக்கும் பொறுமை வராது. மாதமொருமுறை 40 நிமிடம், ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும், படிப்பிக்கும் எல்லா ஆசிரியர்களும் இருந்து கதைக்கட்டும். ஒரு பிள்ளை கணித பாடத்தில் குழப்படி, சித்திரத்தில் அமைதி என்று தெரியவரும்போதே பாதி வழி கிடைத்துவிடும்.

அரைநாள் பயிற்சி வைக்கிறதென்றால் வலயத்தின் விசேட கல்வி ஆசிரிய ஆலோசகரைக் கூப்பிட்டு, உங்கள் பட்டியலில் உள்ள பிள்ளைகளைப் பற்றியே கேளுங்கள். பொதுவான பயிற்சியின் குறிப்புகள் கொப்பியோடு வீட்டுக்குப் போய்விடும்.

5. கட்டடம்: அளந்து செய்யுங்கள்

இப்போதுதான் மேசனைக் கூப்பிடவேண்டும். எந்தப் பிள்ளை எந்த வகுப்புக்கு வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. பல இடங்களில் அந்த வகுப்பை நிலமட்டத்திலுள்ள கட்டடத்துக்கு மாற்றினாலே வேலை முடிந்துவிடும். மாடியில் விஞ்ஞான கூடம் இருந்தால் கூடத்தை இறக்கமுடியாது. ஆனால் அந்த வகுப்புக்குரிய செய்முறையைக் கீழே செய்யலாம்.

சாய்தளம் கட்டத்தான் வேண்டுமென்றால் கணக்கு 1:12. படியின் உயரம் ஒன்றரை அடி என்றால் சாய்தளத்தின் நீளம் 18 அடி. இடமில்லை என்று 6 அடியில் முடித்தால் சக்கர நாற்காலியில் பிள்ளை தானாக ஏறமுடியாது, இறங்கும்போது முன்னுக்குக் கவிழும். நீளத்துக்கு இடமில்லாவிட்டால் நடுவில் திருப்பம் வையுங்கள். திருப்பத்திலும் கதவடியிலும் 5 அடிக்கு 5 அடி சமதளம் விடுங்கள். கதவு திறக்கும்போது நாற்காலி பின்னுக்கு உருளாமல் நிற்க இடம் வேண்டும். அகலம் 4 அடி, இரண்டு பக்கமும் 3 அடி உயரத்தில் கைபிடி, விளிம்பில் 3 அங்குலத் திண்டு.

மேற்பரப்பை மினுக்கவிடாதீர்கள். மேசன்மார் பழக்கதோஷத்தில் சீமெந்துப் பால் பூசி மினுக்குவார்கள். நவம்பர் மழையில் அதில் ஊன்றுகோல் நிற்காது. சீமெந்து இறுகமுன் தும்புத்தடியால் குறுக்கே கோடு இழுக்கச் சொல்லுங்கள்.

எல்லாரும் மறக்கும் இடம் சாய்தளத்தின் அடி. சீமெந்து முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் மாரிமழை ஒரு வருடத்தில் நான்கு அங்குலம் அரித்துவிட்டால் சாய்தளத்துக்கு ஒரு படி முளைத்துவிடும். அடியிலிருந்து கேற் வரை குறைந்தது 4 அடி அகலத்துக்குக் கல் அல்லது கொங்கிறீற் பாதை போடுங்கள். கூரைத் தண்ணீர் அந்தப் பாதையில் விழாமல் பீலியைத் திருப்பிவிடுங்கள். ஒவ்வொரு ஜனவரியிலும், மழை விட்டபிறகு, போய்ப் பாருங்கள்.

மலசலகூடம்: கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், அகலம் 3 அடி. உள்ளே பிள்ளை விழுந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளமுடியாது. கொமோட்டுக்குப் பக்கத்துச் சுவரில் 2 அடி 4 அங்குல உயரத்தில் கைபிடிக் குழாய். தண்ணீர்க் குழாய் இருந்த இடத்திலிருந்தே எட்டவேண்டும். பெண்பிள்ளைகளின் கூடத்தில் மூடியுள்ள வாளி, பையைக் கொழுவ ஆணி, உள்பூட்டு மூன்றும் இருக்கவேண்டும். இவை இல்லாததால் மாதத்தில் மூன்று நாள் வராத பிள்ளைகள் இருப்பார்கள்; ஐந்து நாளைத் தாண்டாததால் இரண்டாம் பட்டியலில் தெரியமாட்டார்கள். காரணத்தை ஆண் ஆசிரியரிடம் சொல்லமாட்டார்கள்.

இன்னுமொரு பிழை: விசேட மலசலகூடத்தைப் பூட்டிச் சாவியை அலுவலகத்தில் வைப்பது, அல்லது உடைந்த தளபாடம் அடுக்குவது. சாவி கேட்டு வரவேண்டிய பிள்ளை தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும்.

6. வகுப்பறை

இருக்கையைப் பதினைந்து நாளுக்கொருமுறை மாற்றுங்கள். நிரந்தர இருக்கை என்றால் ஊர், சாதி, புள்ளி, காசு என்று வாங்குகள் தாமாகவே பிரிந்துவிடும். மாற்றத்தில் சேராதவர்கள் இரண்டு பேர். பார்வை குறைந்த பிள்ளை பலகைக்கு நேரே, யன்னல் வெளிச்சம் முதுகுப்பக்கம் வர இருக்கட்டும். ஒரு காது நன்றாகக் கேட்கும் பிள்ளை அந்தக் காது ஆசிரியர் பக்கம் வர இருக்கட்டும். பலகையைப் பார்த்துக்கொண்டு கதைக்காதீர்கள். உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்ளும் பிள்ளைக்கு உங்கள் முதுகு ஒன்றும் சொல்லாது.

உதவிக்கு ஒரு தோழரை நியமிப்பது நல்லது. அவரையும் பதினைந்து நாளில் மாற்றுங்கள். மூன்று மாதம் ஒரே பிள்ளை நாற்காலியைத் தள்ளினால் நட்பு போய் வேலை மட்டும் மிஞ்சும். அக்காவையோ தம்பியையோ ஒருபோதும் இதற்கு விடாதீர்கள். தரம் 8 பிள்ளையை ஆங்கிலப் பாடத்தின் நடுவே கூப்பிட்டுத் தரம் 3 தம்பியை மலசலகூடத்துக்குக் கூட்டிப்போக வைக்கும் பாடசாலை, ஒரு பிள்ளையைச் சேர்த்து இன்னொரு பிள்ளையை வெளியேற்றுகிறது.

விசேட கல்வி அலகு இருந்தால் அந்தப் பிள்ளைகளின் நேரசூசியில் காலைப் பிரார்த்தனை, உடற்கல்வி, சங்கீதம், சித்திரம், இடைவேளை ஐந்தும் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து வரட்டும். இடைவேளையைத் தனியாக விட்டால் மற்ற நான்கும் வெறும் ஒப்புக்குத்தான்.

பரீட்சை விடயத்தில் முந்திக்கொள்ளுங்கள். சாதாரண தரத்தில் மேலதிக நேரம், எழுதிக்கொடுக்க ஒருவர், பெரிய எழுத்து வினாத்தாள் போன்றவற்றுக்குப் பரீட்சைத் திணைக்களத்துக்கு வைத்திய ஆவணங்களோடு விண்ணப்பிக்கவேண்டும். தரம் 11இல் விண்ணப்பம் நிரப்பும் கிழமையில் யோசித்தால் வைத்தியரின் கிளினிக் திகதி கிடைக்காது. தரம் 9இலேயே கோவையைத் தொடங்குங்கள். பாடசாலைத் தவணைப் பரீட்சையிலும் அதே வசதியைக் கொடுங்கள். எழுதிக்கொடுப்பவருக்குச் சொல்லிப் பழகாத பிள்ளை பெரிய பரீட்சையில் தடுமாறும்.

7. உடம்பு: பசி, மயக்கம், வலிப்பு

காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழும் பிள்ளைக்குப் பெரும்பாலும் தேவை ஒரு பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கற்றும். கூட்டத்தை 15 நிமிடத்தில் முடியுங்கள், நிழலில் இருத்துங்கள், நீண்ட அறிவித்தலை எழுதி ஒட்டுங்கள். சாப்பிடாமல் வருபவர்களின் பட்டியலை வகுப்பாசிரியர் ரகசியமாக வைத்திருக்கட்டும்.

வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி திணிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. சாவி ஒன்றும் செய்யாது. இறுகிய கையில் காயம்தான் வரும். வாய்க்குள்ளும் ஒன்றும் வைக்கக்கூடாது. சுற்றியுள்ள வாங்குகளைத் தள்ளுங்கள், தலைக்குக் கீழே பையோ சேலைத் தலைப்போ வையுங்கள், இழுப்பு நின்றதும் ஒருபக்கமாகச் சரித்துவிடுங்கள், மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ 1990க்கு அழையுங்கள். இதைப் பிள்ளைகளுக்கும் காட்டிக்கொடுங்கள். பக்கத்து வாங்கில் இருப்பது அவர்கள்தான்.

பாடசாலை வைத்தியப் பரிசோதனைக்குச் சுகாதாரக் குழு வரும் நாளில் வராதிருந்த பிள்ளைகளின் பெயரை எழுதிவைத்து அடுத்த கிளினிக்குக்கு அனுப்புங்கள். அதிகம் தேவைப்படும் பிள்ளைதான் அன்றைக்கும் வந்திராது.

8. மனம்: பார், கேள், இணை

ஆசிரியரின் வேலை இந்த மூன்றுக்குள் நிற்கட்டும்.

பார்க்கவேண்டியவை: வகுப்பில் தூக்கம், அடிக்கடி வயிற்றுவலி, கூட்டாளிகளை விட்டு ஒதுங்குதல், சின்ன விடயத்துக்குப் பெரிய கோபம், எழுத்து திடீரெனக் குலைதல், வெப்பத்திலும் முழுக்கைச் சட்டை. ஒன்றை ஒருநாள் கண்டால் கவனியுங்கள். இரண்டை இரண்டு கிழமை தொடர்ந்து கண்டால் கொப்பியில் எழுதுங்கள்.

கேட்பது: மரத்தடி, நூலக மூலை மாதிரி, மற்றவர்களுக்குத் தெரியும், ஆனால் கேட்காத இடத்தில். மூடிய அறை வேண்டாம். பக்கத்தில் இருங்கள், எதிரே இருந்தால் விசாரணை மாதிரி இருக்கும். "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று தொடங்கவேண்டாம். "இந்தக் கிழமை களைப்பாய் இருக்கிற மாதிரித் தெரியுது" என்று சொல்லிவிட்டுப் பொறுத்திருங்கள். நடந்ததை முழுதாகச் சொல்ல வற்புறுத்தக்கூடாது. வற்புறுத்திக் கக்கவைத்தால் சுகமாகிவிடும் என்ற நினைப்பு பிழை. "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று சத்தியம் செய்யவும் கூடாது. துஷ்பிரயோகமோ தற்கொலை எண்ணமோ வெளிப்பட்டால் நீங்கள் சொல்லியே ஆகவேண்டும். சத்தியத்தை மீறினால் பிள்ளை இனி எவரையும் நம்பாது. "உன்னைப் பாதுகாக்கத் தேவையான ஆளுக்கு மட்டும் சொல்லுவன்" என்பது சரியான வாக்கு.

இணைப்பது: துஷ்பிரயோகம் என்றால் அன்றைக்கே 1929 அல்லது சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர். குடும்பத்தைக் கூப்பிட்டுச் சமாதானம் பேசும் ஊர்வழக்கம் இங்கே உதவாது. பிள்ளை அதே வீட்டுக்குத்தான் இரவு திரும்பும். சாகும் கதை கதைத்தால் தனியே விடாதீர்கள், உளநலப் பிரிவுக்கு ஆளோடு அனுப்புங்கள், 1926இலும் ஆலோசனை கேட்கலாம்.

காலண்டரையும் பாருங்கள். போரில் இழந்தவர்களை நினைவுகூரும் மே நடுப்பகுதியிலும் நவம்பர் கடைசியிலும் இங்கே வீடுகள் கனத்திருக்கும். அந்தக் கிழமைகளில் வகுப்புச் சோதனையோ 'என் குடும்பம்' கட்டுரையோ வைக்காதீர்கள். விளையாட்டுப் போட்டிக்கு வெடி கொளுத்துவதையும் யோசியுங்கள். பிள்ளைகள் துள்ளுவார்கள். பந்தலுக்குள் இருக்கும் தாய்மாரின் முகத்தைப் பாருங்கள்.

9. கேலியும் அடியும்

பாடசாலையில் உடற்தண்டனைக்குக் கல்வி அமைச்சின் தடை இருக்கிறது. தடி போனபிறகு அந்த இடத்தில் என்ன வைப்பது என்று ஆசிரியர்களோடு சேர்ந்து முடிவெடுக்காவிட்டால் தடி யன்னலால் திரும்பி வரும். ஒவ்வொரு வகுப்பும் ஐந்துக்கு மிஞ்சாத விதிகளைத் தானே எழுதட்டும், மீறினால் என்ன என்பதையும் எழுதட்டும். மலசலகூடம் கழுவுவதைத் தண்டனையாக்கக்கூடாது. அது எல்லாருக்கும் முறைவைத்து வரும் வேலை. தண்டனையாக்கினால் எந்த வீட்டுப் பிள்ளைகளின் கையில் அந்த வாளி அடிக்கடி போகிறது என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். பதில் உங்களுக்குப் பிடிக்காது.

முறைப்பாட்டுப் பெட்டியை அலுவலக வாசலில் தொங்கவிடாதீர்கள். நூலகத்துக்கோ தண்ணீர்த் தாங்கிக்கோ பக்கத்தில், எல்லாரும் சாதாரணமாகப் போகும் வழியில் வையுங்கள். வெள்ளிக்கிழமை இரண்டு பேர் சேர்ந்து திறக்கவேண்டும். ஒருவர் மட்டும் திறந்தால், முறைப்பாடு அவரைப் பற்றியதென்றால் தாள் காணாமற்போகும். எழுதத் தெரியாத பிள்ளைக்காக மூன்று முகம் கீறிய துண்டுத்தாள்களையும் பக்கத்தில் வையுங்கள்.

10. உதவிப் பொருள் கொடுப்பது

புலம்பெயர்ந்த உறவுகளின் உதவியில்லாமல் இங்கே கன பிள்ளைகளுக்குச் சைக்கிளும் புத்தகப்பையும் கிடைத்திராது. கொடுக்கும் முறைதான் பிழைக்கிறது. மேடைக்குக் கூப்பிட்டு, "தந்தையை இழந்த" என்று ஒலிவாங்கியில் வாசித்து, பொருளோடு நிறுத்திப் படம் எடுத்து முகநூலில் போட்டால், அந்தப் பையோடு ஒரு பெயரும் பிள்ளையின் முதுகில் ஏறும்.

பெற்றோரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுப் பொருளைக் கையளியுங்கள். கொடுப்பவருக்குப் பற்றுச்சீட்டு, பொருட்களின் படம், கையொப்பப் பட்டியலின் சுருக்கம் அனுப்புங்கள். பிள்ளையின் முகம் வேண்டாம். காசு கேட்கும்போதே இந்த முறையைச் சொன்னால் அநேகர் ஒத்துக்கொள்வார்கள். விழா ஒழுங்கு செய்தபிறகு சொன்னால் கோபிப்பார்கள். முடிந்தால் ஒரு வகுப்பு முழுவதற்கும் ஒரே நிறப் பையாகக் கேளுங்கள்.

11. பெற்றோர் கூட்டமும் வரவும்

கூலிக்குப் போகும் தாய்க்குக் காலை ஒன்பது மணிக் கூட்டம் ஒருநாள் சம்பளம். பின்னேரம் வையுங்கள், தூரக் குடியிருப்புக்குத் தவணைக்கொருமுறை நீங்கள் போங்கள், அங்குள்ள பொதுநோக்கு மண்டபத்திலோ கோயில் மடத்திலோ இருங்கள். தாய் வெளிநாட்டில் என்றால் அம்மம்மாவிடம் சொன்னதையே குரற்பதிவாகத் தாய்க்கும் அனுப்புங்கள்.

வராத பிள்ளைக்கு 3–5–10 ஒழுங்கு வேலை செய்கிறது. மூன்றாம் நாள் வகுப்பாசிரியர் அழைப்பு. ஐந்தாம் நாள் ஊரில் இருக்கும் குழு உறுப்பினர் வீட்டுக்குப் போவார். பத்தாம் நாள் கிராம அலுவலருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் எழுத்தில் அறிவிப்பு. அழைக்கும்போது முதல் வசனம் "சுகமா?" என்றிருக்கட்டும். திரும்பி வந்த அன்றைக்கு "எங்கே போயிருந்தாய்?" என்று வகுப்பில் கேட்கவேண்டாம். விடுபட்ட குறிப்புகளைக் கொடுத்து இருத்துங்கள்.

12. கையளிப்பு

இடமாற்றம் வந்தால் அதிபர் போவார், ஆலோசனை ஆசிரியர் போவார், பிள்ளைகளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவர்களோடு பஸ் ஏறிவிடும். அதனால்தான் அந்த சீ.ஆர். கொப்பி. பிள்ளைக்கு ஒரு பக்கம்: என்ன கஷ்டம், என்ன செய்து பார்த்தோம், எது வேலை செய்தது, அடுத்த கிளினிக் திகதி. கேட்ட அந்தரங்கக் கதைகளை எழுதவேண்டாம். 'உளநலப் பிரிவுக்கு அனுப்பியது', திகதி, அவ்வளவும் போதும்.

மூன்றாம் தவணை முடிய ஒரு கிழமைக்கு முன் பழைய வகுப்பாசிரியரும் புதிய வகுப்பாசிரியரும் ஒரு பாடவேளை கொப்பியோடு இருக்கட்டும். லாச்சியின் இரண்டாவது சாவி மாற்றலாகிப் போகாதவரிடம், அதாவது ஊரில் இருப்பவரிடம், இருக்கட்டும். இரண்டாம் படியின் மூன்று பட்டியலையும் ஜனவரியில் மறுபடி எடுங்கள்.